பதின்மூன்றாம் மாடியில் ஜெனரேட்டர், பாதாளத்தில் பம்பு!

புயலையும் வெள்ளத்தையும் வெல்லும் ஆஸ்பத்திரிகள்

நள்ளிரவு. நியூயார்க் நகரின் ஒரு பகுதி இருளில் மூழ்கிக் கிடக்கிறது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மாடிப்படிகளில் ஊழியர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கைக்குக் கை மாறி ஏதோ மேலே போகிறது. மருந்தா? இல்லை. ரத்தமா? அதுவும் இல்லை. எண்ணெய்! ஜெனரேட்டருக்கு ஊற்றும் எண்ணெய்!

இது கட்டுக்கதை அல்ல. 2012-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி 'ஸாண்டி' புயல் தாக்கியபோது பெல்லவ்யூ ஆஸ்பத்திரியில் நடந்த சம்பவம். 1736-ல் தோன்றிய பழம்பெரும் ஆஸ்பத்திரி அது.

அதன் ஜெனரேட்டர்கள் 13-வது மாடியில் இருந்தன. எந்த வெள்ளமும் அவற்றைத் தொட முடியாது. ஆனால் அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்பு எங்கே இருந்தது? நிலவறையில்! வெள்ளம் புகுந்தது, பம்பு நின்றது. மேலே இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு எண்ணெய்தான் இல்லை. கைகளால் எவ்வளவு நேரம் எண்ணெய் சுமக்க முடியும்? முடிவில் 700-க்கும் அதிகமான நோயாளிகளை வேறு இடங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

அதே இரவில் அருகிலிருந்த பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலும் மின்சாரம் போயிற்று. சுமார் 20 பச்சிளங் குழந்தைகளை நர்ஸுகள் மார்போடு அணைத்துக்கொண்டு, கையாலேயே மூச்சுக் காற்றை ஊட்டியபடி, ஒன்பது மாடிகள் இறங்கினார்கள்!

ஏன் இந்தக் கோளாறு?

எண்ணெய் தீப்பிடிக்கும் பொருள். மின் இயந்திரங்களோ கனமானவை. ஆகவே இவற்றையெல்லாம் நிலவறையில் வைப்பது கட்டடக்காரர்களின் நெடுநாளைய வழக்கம். தீக்குப் பயந்து கீழே வைத்தார்கள், நீரை மறந்துவிட்டார்கள்!

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்பத்திரிகள் ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கின்றன. அவற்றைச் சுரங்கப் பாதைகள் இணைக்கின்றன. 2001 ஜூன் மாதம் 'ஆலிசன்' புயல் மழையில் அந்தப் பாதைகளே வாய்க்கால்களாகி, நிலவறைகளில் வெள்ளத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து மட்டும் சுமார் 540 நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது.

ஹூஸ்டன்காரர்கள் சும்மா இருக்கவில்லை. நீர்மூழ்கிக் கப்பலில் உள்ளதைப்போன்ற கனத்த கதவுகளைச் சுரங்கங்களில் பொருத்தினார்கள். மின் சாதனங்களை மேலே ஏற்றினார்கள். 2017-ல் 'ஹார்வி' புயல் வந்தது. ஊரே நீரில் மிதந்தது. கதவுகளை மூடினார்கள். அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை தொடர்ந்து இயங்கின!

திறக்க முடியாத ஜன்னல்

2005 ஆகஸ்டில் 'கத்ரீனா' புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது மற்றொரு பாடம் கிடைத்தது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மின்சாரம் அடியோடு நின்றது, ஏர்கண்டிஷனும் நின்றது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் வெப்பம். ஜன்னல்களோ திறக்க முடியாதவை. கண்ணாடிகளை உடைத்துக் காற்று வாங்கினார்கள். வெள்ளத்துக்குப் பின் அங்கிருந்து 45 சடலங்கள் எடுக்கப்பட்டன.

இந்தப் பாடங்களை யெல்லாம் கற்றுக்கொண்டு எழுந்தது பாஸ்டன் துறைமுகத்தின் ஓரத்திலுள்ள ஸ்பால்டிங் ஆஸ்பத்திரி. 2013-ல் திறக்கப்பட்டது, 132 படுக்கைகள். 500 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் என்று எஞ்சினீயர்கள் கணக்கிட்ட மட்டத்துக்கும் 30 அங்குலம் மேலே அதன் தரைத்தளம். அந்தத் தளத்தில் நோயாளிகளின் அறை ஒன்றுகூட இல்லை. முக்கியமான மின் சாதனங்கள் கூரையில் இருக்கின்றன. அறை ஜன்னல்களைச் சாவி போட்டுத் திறக்கலாம். மின்சாரம் போனாலும் மூச்சுக் காற்று போகாது!

நம் ஊரில்

இதெல்லாம் சீமைச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியுமா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் அடையாற்றின் அருகே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குள் நீர் புகுந்தது. மின்சாரம் நின்றது, ஜெனரேட்டரும் நின்றது. தீவிர சிகிச்சையில் இருந்த நோயாளிகள் பலர் இறந்தார்கள். இறப்புக்குக் காரணம் எது என்பதில் வாதப் பிரதிவாதம் எழுந்தது. ஆனால் விளக்கு அணைந்தது என்பதில் வாதமே இல்லை.

ஜெனரேட்டர், எண்ணெய்த் தொட்டி, பம்பு, சுவிட்சுப் பலகை, கம்பி ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் மின்சாரம். நான்கை மாடியில் ஏற்றி ஒன்றைப் பள்ளத்தில் விட்டால், ஐந்தையும் பள்ளத்தில் விட்டதற்குச் சமம்.

புதிய ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டும்போது, "எத்தனை படுக்கை?" என்று எல்லாரும் கேட்கிறோம். இனி இன்னொன்றும் கேட்போம்: "பம்பு எங்கே?"