சிங்கப்பூரில் ஒரு பகற்பொழுது



சென்ற பள்ளி விடுமுறையில் தோட்டத்துப் பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் போய் வந்தோம். சாமான் வாங்குவதற்காக அல்ல. நம் பிழைப்பு முளைவிட்ட இடத்தைப் பார்ப்பதற்காக.

எங்களோடு வர ஆசைப்பட்டார் ஒரு பாட்டி. நாற்பது ஆண்டு பால் வெட்டியவர். இன்னமும் சிவப்பு அடையாள அட்டைதான். கடப்பிதழ் எடுக்க வழியில்லை. "வாத்தியாரையா, எனக்கும் சேர்த்துப் பாத்துட்டு வாங்க" என்றார்.

அண்டை ஊர் என்றாலும் அது அயல்நாடு. கைக்குழந்தைக்கும் கடப்பிதழ் வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்திய மூன்று நாள்களுக்குள் கைப்பேசியிலேயே நிரப்பிவிடலாம், கட்டணமில்லை. சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது.

ஜொகூர் பாரு லார்க்கினில் 170ஆம் எண் பேருந்தில் ஏறினோம். 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் இரு முனைகளிலும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிச் சோதனை முடிக்க வேண்டும். இறங்கிய பேருந்து நமக்காகக் காத்திராது. அதே எண்ணுள்ள அடுத்த பேருந்தில் ஏறலாம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்று முன்னதாகவே பேசி வைத்திருந்தோம்.

புக்கிட் தீமா சாலையில் இறங்கித் தாவரவியல் பூங்காவிற்குள் நுழைந்தோம். நுழைவுக் கட்டணம் இல்லை. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போன ரப்பர் விதைகள் அங்கே முளைத்தன. அவ்வழி வந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. 1888இல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, மறுமுறை அதே கோட்டின் ஓரத்திலேயே சீவுவது. உள்மரத்தில் கத்தி படாவிட்டால் பட்டை திரும்ப வளரும். அந்தப் பூங்காவை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமை இடமாக அறிவித்தது.

மர நிழலில் கட்டுச்சோறு சாப்பிட்டோம். பேருந்திலும் ரயிலிலும் சாப்பிட்டால் அபராதம் உண்டு. பிறகு நிலத்தடி ரயிலில் மூன்றாவது நிலையமான லிட்டில் இந்தியாவில் இறங்கினோம். நிலையப் பெயரைத் தமிழில் கண்ட பிள்ளைகள் உரக்கப் படித்தார்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைத் தரிசித்துவிட்டு, குவீன் ஸ்திரீட்டுக்கு நடந்து, மீண்டும் 170இல் ஏறினோம்.

மறுநாள் பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். "மரத்துக்குக் காயம் படாம வெட்டணும்னு எங்கம்மா கைய புடிச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க. அது அங்கேருந்து வந்ததா?" என்று கேட்டுத் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். பெயரில் பிழையிருந்தால் இப்போதே திருத்துங்கள். ஒரு தாள் இல்லாமல் எந்தப் பிள்ளையும் வாசலிலேயே நின்றுவிடக் கூடாது.