அல்லியிதழ் இல்லாப் பூக்கள்: ஒரு கலைச்சொல்லின் பொருள் எல்லை

பூவில் அகவிதழ் இல்லாத நிலையைக் குறிக்க ஐரோப்பியத் தாவரவியலில் வழங்கும் சொல் ‘அபெட்டலஸ்’ என்பதாகும். ‘பெட்டலான்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு இலை, தகடு என்பன பொருள். ‘அ’ இன்மை காட்டும் முன்னொட்டு. 1789-இல் ஜூசியூ இருவித்திலைத் தாவரங்களின் ஒரு பிரிவுக்கு ‘அபெட்டலே’ எனப் பெயரிட்டார். இச்சொல்லை ‘இதழற்ற’ எனத் தமிழாக்குவது எளிது. அது பொருந்துமா என்பதை மறையூர்ச் சந்தனத்தைக் கொண்டு ஆராயலாம்.

இடுக்கி மாவட்டத்து மறையூர் இயற்கைச் சந்தனக் காடுகளுக்குப் பெயர்பெற்றது. சந்தனப் பூ மிகச் சிறியது. மணி வடிவக் குழலின் விளிம்பில் நான்கு மடல்கள் உள்ளன. விரியும்போது வைக்கோல் நிறத்தில் இருக்கும் அவை பின்னர்ச் செம்பழுப்பாக மாறுகின்றன. காண்போர் இவற்றை இதழ் என்றே கூறுவர். ஆயினும் தாவரவியல் மரபு இப்பூவை அகவிதழற்றது என்கிறது. பெந்தாம், ஹூக்கர் ஆகியோரின் வகைப்பாடு (1862–1883) சந்தனக் குடும்பத்தை ஒற்றைப் பூவிதழ் வட்டமுடைய பிரிவில் வைத்தது.

இம்முரண் மொழியால் விளைவது. தமிழில் ‘இதழ்’ பொதுச்சொல். புறவட்டத்துக்கும் அகவட்டத்துக்கும் உரியது. ‘பெட்டல்’ என்பதோ அகவட்ட உறுப்பை மட்டுமே சுட்டும். புறவிதழுக்குப் புல்லி, அகவிதழுக்கு அல்லி என்னும் சொற்கள் தமிழில் உள்ளன. எனவே ‘அல்லியிதழற்ற’ என்பதே நேரிய ஆக்கமாகும். ‘அல்லியற்ற’ எனச் சுருக்கின், பொது வாசகர் நீர்ப்பூவாகிய அல்லியை எண்ண இடமுண்டு.

மேலும் மூன்று கருத்துகளை வேறுபடுத்த வேண்டும். அல்லியிதழ் மட்டும் இல்லாமை ஒன்று. பூவிதழ் வட்டம் ஒன்றே இருத்தல் மற்றொன்று. எவ்வட்டமும் இல்லாமை மூன்றாவது. இடுக்கி மலைகளில் பயிராகும் மிளகின் பூ இம்மூன்றாம் வகையினது. ‘இதழற்ற’ என்னும் சொல் மிளகுக்கே முற்றும் பொருந்தும், சந்தனத்துக்குப் பொருந்தாது.

சந்தனத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. அதன் மகரந்தத் தாள்கள் மடல்களுக்கு எதிரே அமைந்துள்ளன. தொடர்புடைய புல்லுருவிக் குடும்பத்தில் அல்லியிதழ்களுக்கு எதிரே அவை நிற்கின்றன. இவ்வொப்புமை கருதி, சந்தனத்தில் எஞ்சியிருப்பது அல்லி வட்டமே, மறைந்தது புல்லி வட்டம் என்று கொள்வாரும் உளர். அவர்கள் கொள்கைப்படி ‘அல்லியிதழற்ற’ என்பதும் தவறாகிவிடும்.

ஆகவே வடிவத்தை மட்டும் கூறும் இடத்தில் ‘ஒற்றைப் பூவிதழ் வட்டமுடைய’ என்பதே நடுநிலையான சொல். மூலநூலார் அல்லியின் இன்மையை வலியுறுத்தும் இடத்தில் மட்டும் ‘அல்லியிதழற்ற’ என்பதை ஆளுதல் தகும். கலைச்சொல்லின் அடிச்சொற்களைப் பெயர்ப்பதற்குமுன், அது எதனோடு வேறுபட்டு நிற்கிறது என்பதை மொழிபெயர்ப்பாளர் தெளிதல் வேண்டும்.