கிரேவி என்று சொன்ன குரல்

1970களில் பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றில், ஊழியர் உணவகத்தில் பரிமாறும் வேலைக்கு இந்தியப் பெண்களும் பாகிஸ்தான் பெண்களும் புதிதாகச் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளிலேயே புகார் கிளம்பியது. இவர்கள் சிடுசிடுக்கிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று மேற்பார்வையாளர்களும், அங்கே சாப்பிட வரும் சரக்குத் தொழிலாளர்களும் சொன்னார்கள். பெண்களுக்கும் மனக்குறை இருந்தது. வேண்டுமென்றே தங்களை மட்டம் தட்டுகிறார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். இத்தனைக்கும் இரு தரப்பும் பேசிக்கொண்டது மிகக் கொஞ்சம். தட்டை நீட்டும் நேரத்தில் ஒரு சொல், இரண்டு சொல், அவ்வளவுதான்.

ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் அந்த ஓரிரு சொற்களை ஒலிப்பதிவு செய்து கேட்டார். இறைச்சி வாங்குபவரிடம் கிரேவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆங்கிலேயப் பெண்ணாக இருந்தால் "கிரேவி?" என்று கடைசியில் குரலை ஏற்றுவார். புதிதாக வந்தவர்களும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் குரல் கடைசியில் இறங்கியது. "கிரேவி." ஆங்கிலேயர் காதில் அது கேள்வியாக விழவில்லை. கண்ணெதிரே இருக்கும் கிரேவியைக் காட்டி, இதுதான் கிரேவி, எடுத்தால் எடு, விட்டால் விடு என்பதுபோல் விழுந்தது. அந்தப் பெண்களுக்கோ அதுதான் இயல்பாகக் கேட்கும் முறை. நம் ஊர்ப் பந்தியில் வாளியோடு வருபவர் "சாம்பார், சாம்பார்" என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறார். வேண்டுமா என்று யாரும் குரலை ஏற்றிக் கேட்பதில்லை. இலைக்கு முன்னால் இருப்பவருக்கும் அது குறையாகப் படுவதில்லை.

ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது அந்தப் பெண்களுக்கு முதலில் வித்தியாசமே தெரியவில்லை. ஒரே சொல்லைத்தானே எல்லோரும் சொல்கிறோம் என்றார்கள். அவர்களுடைய ஆங்கில ஆசிரியர் ஏற்ற இறக்கத்தைச் சுட்டிக்காட்டிய பிறகுதான், எதிரே நின்றவர்களின் முகம் ஏன் மாறியது என்பது விளங்கியது. கம்பர்ஸ் 1982இல் வெளிவந்த தம் நூலில் இதை விவரித்திருக்கிறார். ஒரு குழுவின் எழுதாத விதிகள் எப்படி இயங்குகின்றன என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சியத்தை நான் பார்த்ததில்லை. விதி மீறப்படும்போது, "இவருடைய விதி வேறு போலிருக்கிறது" என்று யாருக்கும் தோன்றுவதில்லை. "இந்த ஆள் சரியில்லை" என்றுதான் தோன்றுகிறது. குரல் இறங்கியது யார் காதிலும் தனியாகப் பதியவில்லை. முரட்டுத்தனம் மட்டும் பதிந்தது.

இந்த விதிகள் எவ்வளவு நுண்ணிய அளவில் இருக்கின்றன என்பதை, பேச்சில் ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் இடைவெளியில் பார்க்கலாம். 2009இல் தான்யா ஸ்டைவர்ஸும் அவருடைய சகாக்களும் பத்து மொழிகளின் அன்றாடப் பேச்சை ஒப்பிட்டு, ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும் எடுத்து, பதில் எத்தனை நேரத்தில் வருகிறது என்று அளந்தார்கள். எல்லா மொழியிலும் மிக அதிகமாகக் காணப்பட்ட இடைவெளி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தைத் தாண்டவில்லை. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு 0.6 நொடி பிடிக்கிறது. அப்படியானால் எதிராளி பேசி முடிப்பதற்குள்ளேயே, அவர் எங்கே முடிப்பார் என்று கணித்து, நம் பதிலைத் தயாரித்துவிடுகிறோம். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பேச்சிலும். யாரிடமும் இதைப் பாடமாகப் படித்ததில்லை!

இந்த ஒற்றுமைக்குள் ஒரு சிறு வேற்றுமை உண்டு. சராசரியாகப் பார்த்தால் ஜப்பானியரின் பதிலுக்கு முன் இடைவெளி ஏறக்குறைய இல்லவே இல்லை. டேனிஷ் மொழியில் அது 0.47 நொடி. பத்து மொழிகளில் இவைதான் இரண்டு எல்லைகள். அரை நொடிகூட இல்லாத இந்த வேறுபாடே ஒருவரை அவசரக்காரர் என்றும், இன்னொருவரை ஒட்டாதவர் என்றும் நினைக்க வைக்கப் போதும். ஒரே மொழி பேசுபவர்களுக்கிடையிலும் இது நடக்கிறது. டெபோரா டானன் 1978இல் கலிபோர்னியாவில் ஆறு நண்பர்கள் சேர்ந்து உண்ட விருந்துப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். அவரையும் சேர்த்து மூன்று பேர் நியூயார்க்காரர்கள். அவர்கள் ஒருவர் பேசும்போதே குறுக்கே பேசினார்கள். உன் பேச்சில் எனக்கு ஈடுபாடு இருக்கிறது என்பதன் அடையாளம் அவர்களுக்கு அது. மற்றவர்களோ தங்களைப் பேசவே விடவில்லை என்று உணர்ந்தார்கள்.

புதிதாக வருபவர் இதையெல்லாம் எப்படிக் கற்கிறார்? தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் பகுதியில் வாழும் வெர்வெட் குரங்குகள் இதற்கு ஒரு விடை சொல்கின்றன. எரிக்கா வான் டி வால், ஆண்ட்ரூ ஒயிட்டன் ஆகியோரின் குழு அங்கே குரங்குக் கூட்டங்களுக்கு இரண்டு தட்டுகளில் மக்காச்சோளம் வைத்தது. ஒன்றில் நீலச் சாயம், மற்றதில் இளஞ்சிவப்பு. சில கூட்டங்களுக்கு நீலத்தையும் சிலவற்றுக்கு இளஞ்சிவப்பையும் கசக்க வைத்தார்கள். கசக்காத நிறத்தையே தின்பது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வழக்கம் படிந்தது. சில மாதம் கழித்துக் கசப்பை நீக்கி இரண்டையும் வைத்தார்கள். இரண்டும் ஒரே சுவைதான். ஆனாலும் குரங்குகள் பழைய நிறத்தையே தின்றன. முதல்முறையாக அந்தச் சோளத்தைத் தின்ன வந்த 27 குட்டிகளில் 26, தாய் தின்ற நிறத்தையே எடுத்தன.

இதைவிட வியப்பானது ஆண் குரங்குகளின் கதை. வெர்வெட் ஆண்கள் வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். அப்படி எதிர்நிற வழக்கமுள்ள கூட்டத்துக்கு மாறிப்போன பத்து ஆண்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம், பக்கத்தில் தன்னைவிட மேல்நிலைக் குரங்கு இல்லாமல் தின்னும் முதல் வாய்ப்பிலேயே புதிய கூட்டத்தின் நிறத்துக்கு மாறிவிட்டன. பழைய கூட்டத்தில் கசப்பு என்று கற்று விலக்கிய நிறத்தை, மற்றவர் தின்பதைப் பார்த்தே நம்பி எடுத்தன. 2013இல் இந்த ஆய்வு வெளிவந்தது. மாறாத அந்த ஒன்று, புதிய கூட்டத்துக்குப் போனதும் தலைமையிடத்தைப் பிடித்துவிட்ட குரங்கு.

ஒரே ஒரு குரங்கை வைத்துச் சட்டம் எழுதக்கூடாது, உண்மைதான். ஆனாலும் அந்தக் குரங்கை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. விமான நிலைய உணவகத்தில் ஏற்ற இறக்கத்தைக் கற்றுக்கொண்டது யார்? வேலைக்கு வந்த பெண்கள். சாப்பிட வந்தவர்களை யாரும் பாடத்துக்கு உட்கார வைத்ததாகத் தெரியவில்லை. புகுந்த வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள், எதைக் கேட்டுச் செய்ய வேண்டும், எதைக் கேட்காமலே செய்ய வேண்டும் என்பதை மருமகள் கற்கிறாள். அவள் பிறந்த வீட்டு வழக்கத்தைக் கற்கப் புகுந்த வீடு உட்காருவதில்லை. கற்கும் பாரம் எப்போதும் வலுக் குறைந்தவர் தலையில்தான் விழுகிறது. இதைப் பண்பு, பக்குவம் என்று மட்டும் பேசிவிட்டுப் போவது நியாயமல்ல.

குழந்தைகளிடம் இந்தக் கற்றல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2005இல் விக்டோரியா ஹார்னரும் ஒயிட்டனும் ஒரு பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் வழியைச் சிம்பன்சிகளுக்கும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் செய்துகாட்டினார்கள். அதில் பயனே இல்லாத சில அசைவுகளும் இருந்தன. பெட்டி கண்ணாடிபோல் உள்ளே தெரிந்தபோது, சிம்பன்சிகள் தேவையற்றதை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. குழந்தைகள் எல்லா அசைவையும் அப்படியே செய்தார்கள். சிம்பன்சிதான் புத்திசாலி என்று தோன்றலாம். ஆனால் பரிசு எடுப்பதை மட்டும் அந்தக் குழந்தைகள் கற்கவில்லை, "இதை நாம் இப்படித்தான் செய்வோம்" என்பதைக் கற்கிறார்கள் என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஜெர்மனியில் ஹானஸ் ரகோட்சி, மைக்கேல் டோமசெல்லோ ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளுக்குப் புதிதாக ஒரு விளையாட்டைக் காட்டினார்கள். பிறகு ஒரு கைப்பொம்மை வந்து அதை வேறு விதமாக ஆடியது. குழந்தைகள் சும்மா இருக்கவில்லை. அப்படிச் செய்யக்கூடாது என்று பொம்மையைத் திருத்தினார்கள். சில நிமிடத்துக்கு முன்புதான் கற்ற விதிக்கு அதற்குள் காவல் நிற்கத் தொடங்கிவிட்டார்கள்!

அப்படிக் கற்றது பிறகு உடம்புக்குள் இறங்கிவிடுகிறது. அது எவ்வளவு ஆழம் என்பதை ஸ்டான்லி மில்கிராம் தம் உடம்பிலேயே கண்டார். 1970களில் நியூயார்க் பாதாள ரயிலில், உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவரிடம் காரணம் எதுவும் சொல்லாமல் "உங்கள் இடத்தை எனக்குத் தர முடியுமா?" என்று கேட்கத் தம் மாணவர்களை அனுப்பினார். கேட்கப்பட்டவர்களில் 68 விழுக்காட்டினர் எழுந்து கொடுத்தார்கள் அல்லது நகர்ந்து இடம் விட்டார்கள். கேட்டால் கிடைக்கிறது. கேட்பதுதான் முடியவில்லை. மாணவர்கள் பெரிதாக அலட்டிக்கொள்கிறார்கள் என்று நினைத்து மில்கிராமே ஒருநாள் ரயிலேறினார். வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது. சில தடவை பின்வாங்கிவிட்டு, கடைசியில் ஒருவரிடம் கேட்டார். அவர் உடனே எழுந்துவிட்டார். உட்கார்ந்த மில்கிராமுக்கு, அந்த இடம் தனக்குத் தேவைதான் என்று காட்ட வேண்டும்போல் ஆகிவிட்டது. தலையை முழங்காலுக்கிடையில் தொங்கவிட்டார். நடிக்கவில்லை, நிஜமாகவே முகம் வெளிறுவதை உணர்ந்தார் என்று பின்னால் சொன்னார். ரயிலை விட்டு இறங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. தடுத்தது எந்தச் சட்டமும் இல்லை, எதிரே இருந்தவரும் இல்லை. வெளியே தெரியாமல் உள்ளேயே காவல் இருக்கிறது என்பதால்தான், "உங்கள் வழக்கம் என்ன?" என்று கேட்டால் உள்ளூர்க்காரரால் சொல்ல முடிவதில்லை. அவருக்கு அது வழக்கமாகவே தெரியாது. இரு பக்கமும் காது பழகிய ஒருவர் வேண்டியிருக்கிறது, உணவகத்துப் பெண்களுக்கு அந்த ஆங்கில ஆசிரியர் வாய்த்ததுபோல்.

உள்ளே இருப்பவர்கள் தங்கள் விதியைச் சொல்ல முடியாமல் திணறுவதோடு நிற்பதில்லை. தவறாகவும் படிக்கிறார்கள். சவுதி அரேபியாவில் ஓர் ஆய்வு நடந்த காலத்தில், மனைவி வெளியே வேலைக்குப் போவதில் கணவரின் சம்மதம் பெரிதாக எண்ணப்பட்டது. லியோனார்டோ பர்ஸ்டின் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் ரியாத் நகரில், திருமணமான இளம் ஆண்கள் 500 பேரை, ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த முப்பது முப்பது பேராகக் கூட்டி உட்காரவைத்தார்கள். பெண்கள் வெளியே வேலை செய்ய அனுமதிக்கப்பட வேண்டுமா என்று ரகசியமாகக் கேட்டபோது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆம் என்றார்கள். இந்த அறையில் மற்றவர்களில் எத்தனை பேர் ஆம் என்றிருப்பார்கள் என்று கேட்டபோது, ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் உண்மையைவிடக் குறைத்தே சொன்னார்கள். பலரும் தம்மைப்போல் நினைப்பவர்கள் குறைவு என்று எண்ணி, அக்கம்பக்கத்தாருக்காக ஒரு விதியைக் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கம்பக்கத்தாரும் அதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

அவர்களில் பாதிப் பேருக்கு அறையின் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னார்கள். வேறு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பிறகு, மனைவிக்கு வேலை தேடித்தரும் செயலியில் பதிவு செய்ய விருப்பமா என்று கேட்டார்கள். எண்ணிக்கை சொல்லப்படாதவர்களில் 23 விழுக்காட்டினர் பதிவு செய்தார்கள், சொல்லப்பட்டவர்களில் 32 விழுக்காட்டினர். மூன்று முதல் ஐந்து மாதம் கழித்து மீண்டும் விசாரித்தபோது, முதல் பிரிவினரின் மனைவியரில் நூற்றுக்கு ஆறு பேர் வெளிவேலைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். இரண்டாம் பிரிவில் அது நூற்றுக்குப் பதினாறு.