உதிரும் காரை தரும் எச்சரிக்கை

மழைக்காலத்தில் இல்லங்களைச் சந்திக்கச் செல்கையில், கான்கிரீட் தளத்தின் அடிப்புறத்தில் காரை உதிர்ந்து, துருவேறிய கம்பிகள் வெளியே தெரிவதை நாம் அடிக்கடி காண்கிறோம். அதற்கு நேர் கீழே குழந்தையின் தொட்டில் ஆடுவதையும் கண்டிருக்கிறோம். "சிமெண்டு பூசிவிட்டால் போதும்" என்பர் பலர். போதாது. கசியும் நீரால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடத்தை அடைப்பதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. துருவின்மேல் பூசிய பூச்சு மீண்டும் விழும்.

ஆகவே, முதலில் தொட்டிலை அகற்றுங்கள். விலகி நின்று கோலால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி எழும் பகுதி முழுவதையும் கொத்தனார் கொத்தியெடுக்க வேண்டும். கம்பியை இரும்புத் தூரிகையால் துருப்போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு இட்ட பின்னரே கலவை பூசுதல் முறை. பூசிய இடத்தை 7 நாள்களேனும் ஈரமாக வைத்திருங்கள். கம்பி மெலிந்திருப்பின் பொறியாளரை அழையுங்கள்.

மாடியின் வெடிப்புகளையும் அடைபட்ட நீர்க்குழாயையும் ஐப்பசி மழைக்கு முன்பே செப்பனிடாவிடில் இவையனைத்தும் வீணே. சுவருக்கு வண்ணம் தீட்டும் செலவைத் தள்ளிவைக்கலாம். இச்செலவைத் தள்ளிவைத்தல் ஆகாது.