முகம் காட்டாமலும் பாடலாம்

"உவையள் ஏன் எங்களைப் போய்க் கூப்பிடுகினம்? பாடுறதுக்கு ஆக்கள் இல்லாமலோ?"

2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து இரவொன்றில் எமது வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக வந்து விழுந்த கேள்வி இது. கேட்டவர் எம்மில் மூத்தவர், எல்லோரும் 'அண்ணை' என்று அழைப்பவர். நாம் என்பது லண்டன் புறநகர் ஒன்றில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழும் ஆறு குடும்பங்கள். எமது தெரு முனையிலுள்ள இங்கிலாந்துத் திருச்சபைத் தேவாலயம் இணையத்தில் ஒரு பாட்டு நாடகக் கதம்பம் செய்யப் போகிறது, வரும் பணம் உணவு வங்கிக்குப் போகும், நீங்களும் சேருவீர்களா என்று குருவானவர் கேட்டு எழுதியிருந்தார். குருவானவர் ஒரு பெண். இங்கே 1994 முதல் பெண்களும் குருமாராகிறார்கள். எமது அம்மாமாருக்கு அதுவே முதல் புதினம்.

அண்ணையின் கேள்விக்குப் பின்னால் வேறொன்று இருந்தது. அந்த உணவு வங்கி நடப்பதே அந்தத் தேவாலய மண்டபத்தில்தான். எம்மில் மூன்று குடும்பங்கள் அங்கே வரிசையில் நின்று பெட்டி வாங்கியவர்கள். 'எங்களுக்குச் சாப்பாடு தந்தவை, இப்ப எங்களைக் காட்டிக் காசு சேர்க்கப் போகினமோ?' என்பதே அவர் வாய்விட்டுச் சொல்லாதது. அதை நாம் ஒருவரும் உடனே மறுக்கவில்லை. எமக்கும் அது இருந்தது.

புதிதாக வந்திருக்கும் உறவுகளுக்கு இரண்டு வரி விளக்கம். இந்த நாட்டில் பல உணவு வங்கிகள் தேவாலயங்களில்தான் இயங்குகின்றன. பெரிய வலையமைப்பு ட்றசல் ட்றஸ்ட் (2024 முதல் வெறுமனே ட்றசல்). அதன் முதல் உணவு வங்கி 2000ஆம் ஆண்டில் சாலிஸ்பரி நகரில் தொடங்கியது. வைத்தியரோ பாடசாலையோ ஆலோசனை நிலையமோ தரும் வவுச்சரைக் கொண்டு போனால் மூன்று நாளுக்குரிய உணவு தருவார்கள். பெருந்தொற்றுக் காலமான 2020 ஏப்ரல் முதல் 2021 மார்ச் வரையான ஒரே ஆண்டில் அந்த வலையமைப்பு மட்டும் கொடுத்த பொதிகள் சுமார் 25 இலட்சம். எனவே வரிசையில் நின்றவர்கள் நாம் மட்டுமல்ல. எம் முன்னால் நின்றவர் ஒரு வெள்ளைக்காரத் தச்சுத் தொழிலாளி.

அடுத்து, இந்தக் கதம்பம் என்பது என்ன? இங்குள்ளவர்கள் 'ரெவ்யூ' என்பார்கள். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் 'அரிச்சந்திர மயான காண்டம்' போல ஒரே கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பாடி நடிப்பதல்ல. பல இசை நாடகங்களிலிருந்து ஒவ்வொரு பாட்டை எடுத்து, இடையில் சிரிப்புத் துணுக்குகளைப் போட்டுக் கோர்ப்பது. எமது ஊர்க் கலைவிழாவில் 'பல்சுவை' என்று அறிவிப்போமே, ஏறக்குறைய அதுதான். அந்தத் தேவாலயத்தார் ஆண்டுதோறும் இளவேனிலில் மண்டபத்திலேயே மேடை போட்டுச் செய்து வந்தார்கள். 2021 ஜனவரியில் இங்கிலாந்தில் மூன்றாவது முடக்கம் வந்தது. ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குள் போக முடியாது. தேவாலயங்கள் திறந்திருக்கலாம், ஆனால் சபையாக எழுந்து பாடக்கூடாது.

பாட்டுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று நாமும் கேட்டோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10ஆம் திகதி ஸ்காகிற் பள்ளத்தாக்குப் பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் 53 பேருக்கு நோய் கண்டது, இரண்டு பேர் இறந்தார்கள். ஒத்திகை நடந்ததும் ஒரு தேவாலயத்தில்தான். பாடும்போது மூச்சோடு சேர்ந்து கிருமியும் வெகுவாக வெளியே வருகிறது. இதைக் கேட்ட பிறகு நாம் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து பாடுவது என்று தீர்மானம். சூம் திரையில் எல்லோரும் கூடி ஒரே நேரத்தில் பாடினால் சரிதானே என்றுதான் நாம் நினைத்தோம். முதல் கூட்டத்திலேயே அது மீன் சந்தை ஆகிவிட்டது! காரணத்தைத் தேவாலயத்துப் பியானோ ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். காற்றில் ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீற்றர் போகும். பத்து மீற்றர் தள்ளி நிற்பவரின் குரல் எம் காதுக்கு வர வினாடியின் நூறில் மூன்று பங்கு எடுக்கும். அந்தளவு தாமதத்தைத் தாங்கிக்கொண்டு தாளம் பிடிக்கலாம். இணையத்திலோ அதைவிடப் பல மடங்கு தாமதம் வரும். ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருக்கப் பாட்டு இழுபட்டு இழுபட்டு நின்றே விடும்.

அதனால் செய்த முறை வேறு. முதலில் பியானோவை மட்டும் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். அதை ஒரு கருவியில் போட்டுக் காதில் கேட்டபடி இன்னொரு கைத்தொலைபேசியில் எமது பாட்டைத் தனியே பதிய வேண்டும். தொடக்கத்தில், பதிவில் எண்ணும் எண்ணிக்கைக்குச் சரியாக ஒருதரம் கை தட்ட வேண்டும், சினிமாவில் பலகை அடிப்பது போல. வந்த பதிவுகள் எல்லாவற்றையும் அந்தக் கைதட்டை வைத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினால் பாடகர் குழு தயார். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விற்றேக்கர் 2010ஆம் ஆண்டிலேயே 12 நாடுகளில் இருந்த 185 பேரின் குரலை இப்படிச் சேர்த்து வெளியிட்டார். 2020 மே மாதத்தில் இந்த நாட்டின் 65 தேவாலயங்கள் சேர்ந்து ஒரு ஆசீர்வாதப் பாட்டை இவ்விதமே பாடின. அதை எம்மில் சிலர் பார்த்திருந்தோம், எப்படிச் செய்தார்கள் என்று மட்டும் தெரியாமல் இருந்தது.

சொல்ல இலகு. எம்மில் பாதிப் பேர் உணவுத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஆறு மணிக்கு வந்து, பிள்ளைகள் எழும்ப முதல், குளிர்சாதனப் பெட்டியின் வயரைக் கழற்றி வைத்துவிட்டு (அதன் இரைச்சல் பதிவில் கேட்கும்) பாடினோம். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் குத்தினார். அந்தக் குத்தும் ஒரு பதிவில் உண்டு. ஒரு தம்பி எத்தனை தரம் பாடியும் அரைத் தாளம் பிந்தியே இருந்தார். 'உனக்குத் தாள ஞானம் இல்லையடா' என்று எல்லோரும் அவரைப் பகிடி பண்ணி முடித்த பிறகுதான் தெரிந்தது, பிழை அவரில் இல்லை, அவர் மாட்டியிருந்த வயரில்லாத புளூடூத் காதணியில். அதில் ஒலி பிந்தித்தான் வரும். வயர் உள்ளதை மாட்டியதும் தம்பி அச்சொட்டாக வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டோமோ என்றால், இல்லை.

எமக்குத் தந்த ஆங்கிலப் பாட்டு 'எச்.எம்.எஸ். பினஃபோர்' என்ற 1878ஆம் ஆண்டு இசை நாடகத்தில் கப்பல்காரர்கள் கூடிப் பாடும் பாட்டு. கில்பேட் எழுத, சல்லிவன் இசையமைத்தது. இருவரும் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. இந்த நாட்டில் ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு கழிந்தால் காப்புரிமை இல்லை. புதிய நாடகப் பாட்டுகளை இணையத்தில் போட உரிமைக்காரரிடம் எழுத்தில் அனுமதி பெற்றுப் பணமும் கட்ட வேண்டும். தேவாலயம் ஞாயிறு வழிபாட்டுக்கு வைத்திருக்கும் அனுமதிப் பத்திரம் இதற்குச் செல்லாது. தர்மத்துக்குத்தானே செய்கிறோம் என்றும் விட மாட்டார்கள். சினிமாப் பாட்டைத் தூக்கிப் போட்டு விழா நடத்திப் பழகிய எமக்கு இது புதுப் பாடம்.

நாடகத்தின் கதையைப் பிள்ளைகள் வாசித்துச் சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டோம். கப்டனின் மகள் ஒரு சாதாரண மாலுமியைக் காதலிக்கிறாள். அந்தஸ்து இடிக்கிறது. கடைசியில், குழந்தையாய் இருந்தபோது கப்டனும் மாலுமியும் ஆள் மாறிப் போனவர்கள் என்று ஒரு கிழவி சொல்ல, ஒரு நிமிடத்தில் மேலவன் கீழவன் ஆகிறான், கீழவன் மேலவன் ஆகிறான். எங்கள் ஊர்க் கதைதானே! அண்ணையே, 'உதைப் பாடலாம்' என்றார்.

பிறகு குருவானவர், உங்கள் மொழியிலும் ஒன்று தாருங்கள் என்றார். எம்மில் ஒருவர் மன்னார்க்காரர். அவருடைய தகப்பனார் கூத்து அண்ணாவியார். 'மூவிராசாக்கள்' நாட்டுக்கூத்தில் மூன்று இராசாக்கள் ஏரோதின் கொலுவுக்கு வரும் இடத்தை எடுத்தோம். தைமாதத்துக் கதையை மாசியில் பாடுகிறோமே என்று அவருக்குக் கொஞ்சம் கவலை. எம்மில் நாலு குடும்பம் சைவம். 'இது வேதத்துக்கு மாத்திற வேலையோ?' என்றும் ஒரு பேச்சு எழுந்தது. ஒருவரும் எம்மை ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடவில்லை, ஊரில் கோயில் வீதியிலும் ஆலய முற்றத்திலும் எல்லோரும் பாய் விரித்துத்தானே கூத்துப் பார்த்தோம் என்று சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கியது.

அடங்காதது மத்தளம். சூம் ஒத்திகையில் மன்னார்க்காரர் அடித்து முழக்குகிறார், எமக்கோ கை அசைவதுதான் தெரிகிறது, சத்தம் இல்லை! சூம், மனிதக் குரல் அல்லாததை இரைச்சல் என்று எண்ணித் தானே வடிகட்டிவிடுமாம். 'மூல ஒலி' என்ற அமைப்பை இயக்கிய பிறகும் தாளக் கட்டையின் கிணுகிணுப்பு வந்ததே தவிர மத்தளத்தின் தொப்பிப் பக்கம் சரியாக எழும்பவில்லை. பதிவிலும் கைத்தொலைபேசி அந்த அடித்த சத்தத்தைப் பிடிக்கவில்லை. அவருக்கு அது பெரிய மனவருத்தம்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறோம்.

எமது குழுவில் நல்ல குரல் ஒரு அக்காவுக்கு. அவருடைய அகதி வழக்கு அப்போது முடிவாகவில்லை. வேலை செய்ய அனுமதி இல்லை. அரசு தரும் உதவிப் பணம் அந்த நாட்களில் ஆளுக்கு வாரம் 40 பவுணுக்கும் சற்றுக் குறைவு. உணவு வங்கிப் பெட்டி அவருக்குப் பெரிய துணை. ஒத்திகைக்கெல்லாம் முதல் ஆளாய் வந்தவர், பதிவு அனுப்பும் நாளில் தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் பேசினார்.

"தங்கச்சி, ஊரில அம்மாவும் மகனும் இருக்கினம். என்ர முகம் இன்ரநெற்றில போனா ஆர் பார்ப்பினமெண்டு எனக்குத் தெரியாது. வழக்குக்கும் என்ன செய்யுமோ தெரியேல்லை. பாட வேணுமெண்டு ஆசைதான்."

இதை நாம் யோசிக்கவேயில்லை. எமக்கு விசா கிடைத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கிடைத்தவர்கள் எவ்வளவு விரைவில் மறந்து போகிறோம்! வெட்கமாயிருந்தது.

குருவானவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டோம். அவர் வியப்படையவில்லை. எல்லோருக்கும் ஒரு படிவம் வைத்திருந்தார்: முகமும் பெயரும் போடலாம், முகம் மட்டும் போடலாம், குரல் மட்டும் போடலாம் என்று தனித்தனிக் கட்டங்கள். பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து. பிறகு மாற நினைத்தால் எடுத்துவிடுவோம் என்றும் எழுதியிருந்தது. தேவாலயத்திலேயே, பிரிந்த கணவருக்குப் பயந்து முகம் காட்டாமல் பாடிய வெள்ளைக்காரப் பெண் ஒருவரும் இருந்தார் என்று பின்னர் அறிந்தோம். அக்கா தன் சட்டத்தரணியிடமும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். பிறகு 'குரல் மட்டும்' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டார்.

திரையில் அவருடைய சதுரத்தில் தெரிந்தது ஒரு மேசை, ஒரு விளக்கு, தாளம் போடும் இரண்டு கைகள். வளையல்கூட இல்லை, அடையாளம் தெரியும் என்று கழற்றி வைத்துவிட்டார்.

மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு யூரியூப்பில் ஒளிபரப்பு. இரண்டு கிழமை மட்டும் வைத்துவிட்டு நீக்கினார்கள். அவரவர் வீட்டிலிருந்து பார்த்தோம். தச்சுத் தொழிலாளி இரண்டு கரண்டியைத் தொடையில் தட்டி வாசித்தார். 80 வயதைத் தாண்டிய ஒரு அம்மா பழைய மேடைப் பாட்டைத் தலைகீழாய்ப் பிடித்த தொலைபேசியில் பாடி அனுப்பியிருந்தார், அதை நிமிர்த்தாமல் அப்படியே போட்டார்கள். சில துணுக்குகள் எமக்கு விளங்கவில்லை, சில நீளம் கூட. எமது கப்பல் பாட்டில் ஆங்கிலச் சொல் கடைவாயில் சிக்கியது தெரிந்தது. கூத்துப் பாட்டு வந்தபோது அந்தக் குரலே எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது. திரையின் ஓரத்தில் மக்கள் எழுதும் இடத்தில், அந்தக் கைகள் யாருடையவை என்று ஒருவர் கேட்டார். குருவானவர் 'எங்கள் அயலவர்' என்று பதில் எழுதினார்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும், சேர்த்த காசு எங்கே போனது என்ற கேள்வி எம்மவரிடம் எப்போதும் உண்டு. நுழைவுச் சீட்டு வைக்கவில்லை, விரும்பியதைக் கொடுக்கலாம். இங்கே வருமான வரி கட்டுபவர் பதிவுபெற்ற தர்ம நிறுவனத்துக்கு நன்கொடை கொடுத்து 'கிஃப்ற் எய்ட்' கட்டத்தில் அடையாளம் போட்டால், பவுணுக்கு 25 பென்ஸ் அரசு மேலதிகமாக அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும். பத்துப் பவுண் பன்னிரண்டரை ஆகிறது. சீட்டு விலைக்கு அது கிடையாது, அதனால்தான் சீட்டு இல்லை. தொழிற்சாலைச் சம்பளத்தில் வரி பிடிபடும் நாம் தயங்காமல் அடையாளம் போடலாம். வரி கட்டாதவர்கள் போடக்கூடாது, போட்டால் அந்தப் பணத்தைப் பிறகு உங்களிடம் கேட்பார்கள். அக்கா இரண்டு பவுண் கொடுத்தார். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. அடுத்த மாதக் கடிதத்தில் வரவு செலவைத் தேவாலயம் அச்சிட்டு வீடு வீடாகப் போட்டது.

இப்படி உங்களைக் கூப்பிட்டால் போங்கள். போக முதல் படிவம் இருக்கிறதா, படம் எவ்வளவு நாள் கிடக்கும் என்று கேளுங்கள். வழக்கு நடப்பவர்கள் சட்டத்தரணியிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் பாடுங்கள்.

அன்றிரவு ஊரில் நேரம் நள்ளிரவு பன்னிரண்டரை. மன்னாரில் அண்ணாவியார் வீட்டில் கிழவி நித்திரை முழித்து, பேரனின் தொலைபேசியில் முழுவதையும் பார்த்தாராம். அடுத்த நாள் மகனுக்கு எடுத்து, "அந்தப் பிள்ளை ஆரடா, நல்லாப் பாடுது" என்றார். பிறகு கேட்டார்: "ஏன் தம்பி, மத்தளத்தை வித்துப்போட்டியோ?"