சந்தை கூடும் நாள்

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தில் வாரத்தின் நாட்களைச் சந்தைகளே அடையாளம் காட்டுகின்றன. வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய், அவலூர்பேட்டையில் புதன், செஞ்சியில் வெள்ளி என்று ஊருக்கு ஊர் நாள் மாறுகிறது. அடுத்தடுத்த ஊர்களில் ஒரே நாளில் சந்தை கூடினால் இரண்டும் கெடும். நாள் மாறி வந்தால் கருவாட்டு வியாபாரியும் வளையல்காரரும் கத்தி, அரிவாள் விற்பவரும் ஒவ்வொரு ஊராகச் சுற்றிவர முடியும்.

இதே கணக்கை இங்கிலாந்தும் போட்டிருக்கிறது. அங்கே சந்தை கூட்டும் உரிமையை மன்னர்கள் பட்டயம் எழுதிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே உள்ள சந்தைக்கு 6⅔ மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குள், புதிய சந்தை வரக் கூடாது என்று 13ஆம் நூற்றாண்டின் பிராக்டன் சட்ட நூல் சொல்கிறது. ஒரு நாள் நடை 20 மைல். அதில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வியாபாரத்துக்கு, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்ப. நடந்து வந்தவர்களை மனத்தில் வைத்து வகுத்த விதி அது.

செஞ்சியில் பொழுது விடியும் முன்பே ஆடுகள் வந்து இறங்கிவிடும். பக்ரீத், தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் ஆட்டு வியாபாரம் மட்டுமே கோடிகளைத் தொடும். வெயில் ஏறியபின் வருபவர்களுக்குக் காய்கறி, மிளகாய், புளி, கூடை முறம், பொரிகடலை. இந்த வட்டாரத்தில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலை அறுவடைக் காலத்தில் மண் வாசனையோடு குவியும். ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் தேனும் பலாவும் இறங்கி வரும்.

மாட்டுச்சந்தையின் நுணுக்கம் வேறு. மாட்டின் வயதைப் பல்லில் பார்க்கிறார்கள். இரண்டு பல் முளைத்தால் இரண்டு வயதைக் கடந்தது. நான்கு, ஆறு என்று ஏறி எட்டுப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்துவிட்டால் நான்கு வயதுக்கு மேல். அதன்பின் பல் தேய்வதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுக் கால் பார்ப்பார்கள், கறவை மாடென்றால் மடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். விலையை வாய்விட்டுச் சொல்வது வழக்கமில்லை. தரகர் ஒரு துண்டை விரித்துக் கையை மூடிக்கொள்ள, உள்ளே விரல்களைப் பிடித்தே தொகை பேசப்படும். சுற்றி நிற்பவர்களுக்கு முகபாவம் மட்டுமே தெரியும். ஒருவர் கேட்ட விலை அடுத்தவருக்குத் தெரியாமல் இருப்பது விற்பவருக்கும் பாதுகாப்பு, வாங்குபவருக்கும் மரியாதை. பேசி முடிந்ததும் அச்சாரம் கை மாறும். பல ஊர்களில் மாட்டை விற்றவர் பழைய கயிற்றைத் தானே வைத்துக்கொள்வார். வாங்கியவர் புதுக் கயிறு போட்டு ஓட்டிப் போவார். மணப்பாறை, பொள்ளாச்சி, ஈரோட்டின் கருங்கல்பாளையம் போன்ற பெரிய மாட்டுச்சந்தைகளிலும் தரகர்களின் கைகள்தான் பேசுகின்றன.

திருவண்ணாமலைக்கென்று ஆண்டுக்கு ஒரு பெருஞ்சந்தை உண்டு. கார்த்திகை தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச்சந்தை அது. மலைமேல் தீபம் ஏற்றும் நாளுக்காக ஊர் ஊராக மக்கள் திரண்டு வருகிறார்கள். வந்த இடத்தில் மாடும் குதிரையும் கை மாறுகின்றன. மழை பெய்து புல் முளைத்திருக்கும் பருவம் என்பதால் ஓட்டி வந்த மாடுகளுக்குத் தீனிக்கும் குறைவிருக்காது. கோயிலும் சந்தையும் சேர்ந்தே வளர்வது தமிழ்நாட்டில் புதிதல்ல. அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாக் குதிரைச்சந்தையும் இந்த மரபில் வந்ததே.

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையில் மாதந்தோறும் இத்தகைய கோயில் சந்தையின் சிறு வடிவம் நடக்கிறது. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகக் கடை விரிகிறது. கிராமத்துப் பெண்கள் கொண்டுவந்து உட்கார்ந்து விற்கும் பூவும் பழமும் கிழங்கும்தான் அதில் கண்ணுக்கு நிறைவானவை.

சந்தைக்கு வந்தவர் உட்கார ஓர் இடம் வேண்டும். இங்கிலாந்தின் சிற்றூர்களில் அந்த இடம் பப். சந்தைத் திடலைப் பார்த்தபடியே பல பப்கள் இருக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி 1988 வரை அங்கே பிற்பகலில் பப்களை மூட வேண்டும் என்பது சட்டம். ஆனால் சந்தை நாளில் சந்தைக்கு வருபவர்களுக்காக அந்நேரத்திலும் திறந்து வைக்கத் தனி அனுமதி தரப்பட்டது. அங்கு ஊற்றித் தரப்படும் ‘ரியல் ஏல்’ என்னும் பீர், பீப்பாயிலேயே நுரைத்துப் புளித்துக்கொண்டிருக்கும் உயிருள்ள பானம். நிலவறைக் குளிர்ச்சியில் வைத்து, கையால் இயக்கும் பம்பு மூலம் ஏற்றுவார்கள். பீப்பாயைத் திறந்தால் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். நுண்ணுயிர் நீக்கி வாயு ஏற்றிய தொழிற்சாலைப் பீர் இதை ஓரங்கட்டிய காலத்தில், 1971இல் நால்வர் சேர்ந்து தொடங்கிய இயக்கம் ‘கேம்ரா’. இன்று பல சிறு பீர் ஆலைகள் உயிரோடிருப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் ரியல் ஏலுக்கு நேரான பானம் கள். பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார் பனையேறி. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட்டே சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். மறுநாளைக்குள் காடியாகப் புளித்துவிடும் என்பதால் மரத்துக்குப் பக்கத்திலேயே விற்றாக வேண்டும்.

சந்தைக்குப் பக்கத்தில் கள்ளுக்கடை இருந்த காலம் சட்டத்தோடு முடிந்தது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948க்குள் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் திரும்பத் தளர்ந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. தொழிற்சாலை மது மட்டும் தொடர்கிறது. குடியால் குடும்பங்கள் சிதைந்தது உண்மை. மதுவிலக்குக்குப் பின்னால் இருந்த கவலையும் உண்மை. ஆனால் பனையை மாநில மரமாகக் கொண்ட மாநிலத்தில் அந்த மரத்தின் கள் மட்டும் விலக்கப்பட்டு, ஆலை மது அனுமதிக்கப்படுவது பனையேறிகளுக்கு நியாயமாகப் படவில்லை. கள்ளுக்கு அனுமதி கேட்டு விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளை விற்கின்றன.

இன்றைய தமிழ்ச் சந்தையில் உட்காரும் இடம் தேநீர்க் கடையும் கூழ்க்கடையும்தான். ஒரு டீ, இரண்டு போண்டா; விலைவாசி, மழை, பெண்ணுக்கு மாப்பிள்ளை என்று பேச்சு நீளும். செங்கம் சாலையிலும் அதுவே. ரமணரைப் பற்றிப் பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட நூலில் படித்து ஆசிரமத்துக்கு வரத் தொடங்கிய வெளிநாட்டார், இன்றும் அதே சாலையோர டீக்கடைகளில் உள்ளூர்க்காரர்களோடு அமர்கிறார்கள்.

பெரும்பாலான சந்தைகள் ஊராட்சி, பேரூராட்சிகளின் பொறுப்பில் இருக்கின்றன. சுங்கம் வசூலிக்கும் உரிமை ஆண்டுதோறும் ஏலம் போகிறது. விடியலுக்கு முன்பே வந்து மாலைவரை தரையில் உட்கார்ந்து விற்கும் பெண்களுக்கு அந்தப் பணத்திலிருந்து முதலில் கிடைக்க வேண்டியவை நிழற்கூரை, குடிநீர், கழிப்பறை. ஏலத் தொகை எவ்வளவு, அதில் சந்தைக்குச் செலவானது எவ்வளவு என்று கிராம சபையில் ஒவ்வொரு ஊராரும் கேட்க வேண்டும்.