விலாங்கு வரும் வழி

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

இரு பக்கமும் நல்லவராக நடிப்பவரை, ‘பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு’ என்கிறோம். பாவம் விலாங்கு! அது பாம்பன்று, செவுளும் துடுப்பும் உடைய மீனே.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, தொழிற்சாலைகள் சூழ்ந்த சிற்றூர் எங்களுடையது. ஐப்பசியில் ஏரியின் கலங்கல் வழியும்போது விலாங்கு பிடித்த கதையைத் தாத்தா சொல்வார். “இப்போது ஏன் இல்லை, தாத்தா?” என்று கேட்டேன். “வந்தால்தானேம்மா பிடிக்க?” என்றார். எங்கிருந்து வரவேண்டும்?

கடலிலிருந்து! விலாங்கு ஏரியில் முட்டையிடுவதில்லை. சேற்றிலிருந்து அது தோன்றுவதாக அரிஸ்டாட்டிலே எண்ணினாராம். ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக் பெருங்கடலின் சர்காசோ பகுதியில் பிறக்கிறது என்று டென்மார்க் அறிஞர் யோகன்னஸ் ஷ்மிட் 1922-இல்தான் எழுதினார். நம் விலாங்குக்கும் பிறப்பிடம் கடலே. இலைபோல் தட்டையாக, கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் குஞ்சு, நீரோட்டத்தில் மிதந்து கரை சேரும். பிறகு உருண்டு நீண்டு ஆற்றில் ஏறும். தோலாலும் மூச்சுவிடுவதால் ஈரப் புல்லில்கூட ஊர்ந்து செல்லும். பல ஆண்டுகள் வளர்ந்தபின் வெள்ளத்தோடு கடலுக்குத் திரும்பி, ஒரே முறை முட்டையிட்டு இறந்துவிடும்.

எங்கள் பக்கத்து ஏரிகளின் மிகுநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து அடையாற்றுக்கும், பின் வங்கக் கடலுக்கும் போகிறது. அதே வழியில்தான் விலாங்குக் குஞ்சு எதிரேறி வரவேண்டும். கோடையில் முகத்துவாரத்தை மணல்மேடு அடைக்கிறது. அதைத் தாண்டினால் நகரத்துச் சாக்கடை நீர். அதற்கும் மேலே மதகுக் கதவுகள். மேலே வர முடியாதது ஒரு துன்பம். ஏரியில் வளர்ந்தது கீழே போக முடியாவிட்டாலோ அதன் சந்ததியே இல்லை.

பிற நாட்டார் இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். மனிதர் குறுக்கிடாதிருந்தால் கடலுக்குப் போயிருக்கும் விலாங்குகளில் 40 விழுக்காடாவது போய்ச் சேரவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் விதி செய்தது. அணையோரம் சாய்வான பலகையில் தூரிகை மயிர்களை நட்டு, நீரைக் கசியவிடுகிறார்கள். குஞ்சுகள் அதைப் பற்றி ஏறிவிடும். விலாங்கு போன்ற உருவமும் தாடையில்லாத வாயும் கொண்ட லாம்ப்ரே, முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்கு வருவது. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில், அணை தாண்ட முடியாத லாம்ப்ரேக்களை யகாமா, யூமடில்லா, நெஸ் பெர்ஸ் பழங்குடியினர் பிடித்து, வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். அது அவர்களுடைய முன்னோர் உணவு.

தூரிகை ஏணியைப் பற்றித் தாத்தாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். “கலங்கல் ஓரம் வைக்கலாம். முதலில் கால்வாய் இருக்கிறதா பார்ப்போம்” என்று செருப்பை மாட்டினார். இருவரும் நடந்தோம். பாதித் தூரம் கால்வாய் இருந்தது. அதற்கப்பால் கொட்டிய மண்.